ஆறு ஆண்டுகளாகக் குறையாத பிரேக் ஆயில்

வாசகர் கேள்வி, 2024 மே 26

என்னிடம் இருப்பது 2013ஆம் ஆண்டின் சிறிய கார். பழைய வண்டியாக வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை பிரேக் ஆயில் மாற்றியதில்லை. டப்பாவில் அளவும் இம்மியளவு குறையவில்லை. குறையாத ஆயிலை எதற்காக மாற்ற வேண்டும்? மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், ஏர் எடுக்கும் வேலையை, அதாவது பிரேக் லைனில் சிக்கும் காற்றை வெளியேற்றுவதை, ஒர்க்‌ஷாப்புக்குப் போகாமல் வீட்டிலேயே செய்ய முடியுமா? பெடல் மிதிக்க மனைவி இருக்கிறார். ஏபிஎஸ் (பலமாக மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) கிடையாது.

2024 மே 27

குறையவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. முன் சக்கரத்தில் பிரேக் பேட் தேயத் தேய, பேடை டிஸ்க்கின்மேல் அழுத்தும் காலிபருக்குள் இருக்கும் பிஸ்டன் அந்த அளவுக்கு வெளியே வந்து நிற்கும். அதன் பின்னால் உண்டாகும் இடத்தை நிரப்ப டப்பாவிலிருந்து ஆயில் இறங்கும். ஆறு ஆண்டுகள் ஓடிய வண்டியில் சிறிதேனும் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லையென்றால் ஒன்று வண்டி ஓடவில்லை, அல்லது சர்வீசுக்கு விடும்போதெல்லாம் யாரோ மேலே ஊற்றி நிரப்பியிருக்கிறார். அப்படி ஊற்றியதால் பயனும் இல்லை. பிரேக் ஆயில் என்ஜின் ஆயிலைப் போலச் சுற்றி வருவதில்லை. முட்டுச்சந்தில் நிற்கும் கூட்டம்போல, முன்னால் ஓரடி நகர்ந்து பின்னால் ஓரடி வரும். காலிபரில் கிடப்பது காலிபரிலேயே கிடக்கும்.

அது பெயருக்குத்தான் ஆயில். உண்மையில் கிளைக்கால் (glycol) வகைத் திரவம். மழைக்காலத்து உப்பைப் போல ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டப்பா மூடியின் காற்றுத் துளை வழியாகவும், சக்கரங்களுக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களின் சுவர் வழியாகவும் ஈரம் மெல்ல உள்ளே போய்க்கொண்டே இருக்கும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர எண். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். டாட் 4 என்றால் 230. நூற்றுக்கு 3.7 பங்கு நீர் கலந்த நிலையில் அவை முறையே 140, 155 டிகிரி தாங்கினால் போதும் என்பதுதான் தர அளவு. சமதளத்தில் ஓட்டுபவருக்கு இந்த வேறுபாடு பல ஆண்டுகள் தெரியாமலே போகலாம்.

2018இல் கொல்லிமலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும்போது அதை நான் காலால் தெரிந்துகொண்டேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகள், வண்டியில் ஐந்து பேர், மூன்றாம் கியர். பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கி வந்தவனுக்குப் பாதி வழிக்குமேல் ஒரு வளைவில் பெடல் தரை வரை போய்விட்டது. கேபிளில் இயங்கும் கைப்பிரேக்கையும் முதல் கியரையும் கொண்டு ஓரமாக நிறுத்தினேன். முன் சக்கரங்களில் கருகிய வாடை வீசியது. முக்கால் மணி நேரம் கழித்து மிதித்தபோது, ஒன்றுமே நடவாததுபோல் பெடல் மேலே நின்றது. காலிபருக்குள் ஆயில் கொதித்து ஆவியாகி, ஆறியதும் மீண்டும் திரவமாகியிருந்தது. பேட் சூடேறிப் பிடிமானம் இழப்பது வேறு. அப்போது பெடல் கல்லாக நிற்கும், வண்டிதான் நிற்காது. எனக்குப் போனது பெடல். அந்த ஆயில் 2011இல் வண்டியோடு வந்தது.

வீட்டில் செய்ய முடியும். அதன்பின் இரண்டு முறை நானே மாற்றியிருக்கிறேன். வரும் ஞாயிறன்று மூன்றாம் முறை. என் ஆல்ட்டோவின் முன் காலிபர்களில் தூசி ரப்பர் கிழிந்திருப்பதால், இந்த முறை அவற்றையும் கழற்றிப் புதிய சீல் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போடப்போகிறேன். முடித்துவிட்டு முறையை எழுதுகிறேன்.

2024 மே 28

நேற்று எழுதியதில் ஓர் ஓட்டை. இடையில் புதிய பேட் போட்டிருந்தால், பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் டப்பாவுக்குத் திரும்பி ஏறிவிடும். அப்போதும் அளவு குறையாததுபோலத்தான் தெரியும். கேள்வி கேட்டவர் பழைய பில்களைப் பார்க்கவும்.

எந்த ஆயில் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். டப்பா மூடியிலேயே அச்சிட்டிருக்கும். டாட் 3 உள்ள வண்டியில் டாட் 4 ஊற்றலாம், இரண்டும் ஒரே குடும்பம். டாட் 5 மட்டும் வேண்டாம். அது சிலிக்கோன், மற்றவற்றோடு கலக்காது. எண் அடுத்தடுத்து வருவதால் 5.1-ஐயும் அதன் தம்பி என்று நினைத்துவிட வேண்டாம், 5.1 கிளைக்கால் வகைதான். இப்படிப் பெயர் வைத்தவர் கடைக்குப் போய் ஆயில் வாங்கியிருக்க மாட்டார்.

2024 ஜூன் 2, இரவு

முடிந்தது. காலை ஏழு மணிக்குத் தொடங்கிய வேலை மதியம் இரண்டு வரை இழுத்தது. காலிபர்களுக்கே நான்கு மணி நேரம் போய்விட்டது.

ஏர் எடுக்கும் பகுதியை மட்டும் சொல்கிறேன். வண்டி சமமான சிமெண்டுத் தரையில் நிற்க வேண்டும். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். ஜாக்கியால் தூக்கியபின் பாரம் ஸ்டாண்டின்மேல் இறங்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே தலையை நுழைப்பவருக்கு நான் எதுவும் சொல்வதற்கில்லை. டப்பாவில் இருக்கும் பழைய ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். சக்கரத்தின் பிரேக்கில் காற்றை வெளியே விடுவதற்கென்று இருக்கும் துளையுள்ள சிறு திருகுதான் நிப்பிள். அதன் ரப்பர் மூடியைக் கழற்றி, ரிங் ஸ்பேனரை முதலில் மாட்டி, அதற்குமேல் உள்ளே ஓடுவது தெரியும் குழாயைச் செருகி, குழாயின் மறுமுனையைச் சிறிது புது ஆயில் ஊற்றிய கண்ணாடிப் புட்டிக்குள் மூழ்க விடுங்கள். என்ஜின் அணைந்திருக்கட்டும். உள்ளே இருப்பவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடித்துக்கொள்ள, நீங்கள் நிப்பிளை அரைச் சுற்று திறக்கிறீர்கள். பெடல் இறங்கும், குழாயில் ஆயிலும் குமிழியும் வரும். நிப்பிளை மூடியபிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். மூடுமுன் காலை எடுத்தால், வெளியே போன காற்று அதே வழியில் திரும்பி வந்து உட்காரும். பத்து மிதிக்கு ஒருமுறை எழுந்து டப்பாவைப் பாருங்கள். அது வற்றினால் மாஸ்டர் சிலிண்டருக்குள் (பெடலை மிதிக்கும்போது ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம்) காற்று புகுந்துவிடும், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். குழாயில் குமிழி நின்று தெளிந்த ஆயில் வந்தால் அந்தச் சக்கரம் முடிந்தது.

பெடலை அடிவரை மிதிக்க விடாதீர்கள். அன்றாட ஓட்டத்தில் பிஸ்டன் போகாத ஆழத்தில் மாஸ்டர் சிலிண்டரின் உட்சுவர் துருவேறியிருக்கும். அங்கே தள்ளினால் பழைய சீல் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டேன்.

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்குவது வழக்கம்: வலப்பக்கப் பின் சக்கரம், இடப்பக்கப் பின், வலப்பக்க முன், இடப்பக்க முன்.

மனைவி ஊருக்குப் போயிருந்ததால் பெடலில் அப்பா உட்கார்ந்தார். அப்பா ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்; பேருந்தில் காற்றழுத்தத்தால்தான் பிரேக் இயங்கும். "எங்கள் வண்டியில் ஏர் இல்லையென்றால் பிரேக் பிடிக்காது, உன் வண்டியில் ஏர் இருந்தால் பிரேக் பிடிக்காது, என்ன வண்டியோ" என்று சொல்லிக்கொண்டேதான் ஏறினார். மிதிப்பதற்கு "மிதி" என்றும் அப்படியே நிறுத்துவதற்கு "பிடி" என்றும் சொல்வதாக ஏற்பாடு. சக்கரத்துக்குப் பின்னாலிருந்து, தெருவில் தண்ணீர் லாரி நிற்கும்போது, இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும் என்பதை ஏழெட்டு மிதிகளுக்குப் பிறகு கண்டுகொண்டோம். பிறகு "ஒன்று" என்றால் மிதி, "இரண்டு" என்றால் காலை எடு என்று மாற்றினோம். கேள்வி கேட்டவர் தம் மனைவியிடம் முதலிலேயே இதைப் பேசி வைத்துக்கொள்வது குடும்பத்துக்கு நல்லது.

2024 ஜூன் 3

இரண்டு செய்திகள், இரண்டும் எனக்கு எதிரானவை.

நான் கொடுத்த சக்கர வரிசை தவறு. அது ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ள அமெரிக்க வண்டிகளுக்கான வரிசை. எப்போதோ பார்த்த ஒரு காணொளியிலிருந்து மனத்தில் ஒட்டிக்கொண்டது. நம் வண்டிகளில் ஸ்டியரிங் வலப்பக்கம், மாஸ்டர் சிலிண்டரும் வலப்பக்கம். ஆகவே மிகத் தொலைவில் இருப்பது இடப்பக்கப் பின் சக்கரம். அங்கிருந்து வலப்பக்கப் பின், இடப்பக்க முன், வலப்பக்க முன் என்று வர வேண்டும். சில வண்டிகளில் ஒரு முன் சக்கரத்தையும் அதற்குக் குறுக்கே இருக்கும் பின் சக்கரத்தையும் ஒரே லைனில் கோத்திருப்பார்கள். அவற்றுக்குத் தயாரிப்பாளர் வேறு வரிசை கொடுத்திருந்தால் அதுவே சட்டம்.

அடுத்தது, என் பெடல் சரியில்லை. காலையில் தெருமுனை வரை நடைவேகத்தில் போனேன். பிரேக் பிடிக்கிறது, ஆனால் ஈரப் பஞ்சை மிதிப்பதுபோல் இருக்கிறது. இரண்டு முறை அடித்தால் மேலே வருகிறது. வண்டியைத் திருப்பி வாசலில் நிறுத்திவிட்டுப் பேருந்தில் அலுவலகம் போனேன். வரிசைத் தவறுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

2024 ஜூன் 5

நிப்பிள் அசையவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வாய் திறந்த ஸ்பேனரால் முயன்றிருப்பார். நிப்பிளின் முனைகள் மழுங்கிவிட்டால் பிறகு யாராலும் எடுக்க முடியாது. துரு இளக்கும் திரவத்தை முதல்நாள் இரவே தெளித்து, காலையில் சிறு சுத்தியலால் தலையில் மெல்லத் தட்டி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அசைத்து, பிறகு திறக்க முயல வேண்டும். அப்படியும் வராவிட்டால் நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் போகவும். உடைந்த நிப்பிளோடு போனால் அவர் பார்க்கும் பார்வை வேறாக இருக்கும்.

குழாய் மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும். நுனியை வெந்நீரில் நனைத்தால் நிப்பிளின்மேல் ஏறும். ஆயில் பெயிண்டின்மேல் சொட்டினால் துணியால் துடைத்துப் பரப்பாமல் உடனே தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். என் வண்டியின் பானட் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பெயிண்ட் இல்லை. அது 2020ஆம் ஆண்டின் நினைவுச்சின்னம்.

2024 ஜூன் 9

சரியான வரிசையில் மீண்டும் செய்தோம். அரை லிட்டர் புட்டி முழுவதும் காலி. எந்தச் சக்கரத்திலும் ஒரு குமிழிகூட வரவில்லை. பெடல் அதே பஞ்சு.

பேருந்தில் போகும்போது நினைவுக்கு வந்தது: முன்பு இரண்டு முறையும் இதே தவறான அமெரிக்க வரிசையில்தான் செய்திருந்தேன், பெடல் அப்போது நன்றாகவே நின்றது. திங்களன்று வரிசைமேல் பழியைப் போடுமுன் இதை யோசித்திருக்க வேண்டும்.

பெடல் சொல்லும் சேதியை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டாம் மிதியில் உயர்ந்து கெட்டியாக நின்றால், பின் சக்கர டிரம்முக்கும் அதை உள்ளிருந்து உரசி நிறுத்தும் ஷூவுக்கும் இடைவெளி அதிகமாக இருக்கக்கூடும். ஏர் எடுத்துப் பயனில்லை, ஷூவை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது. வெளியே ஈரம் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் சீலுக்குள் கசிகிறது. கெட்டியாகாமல் சுருள்கம்பியைப்போல் அமுங்கி எழுந்தால் காற்று. என்னுடையது மேலே வந்தபின்னும் அமுங்குகிறது. ஆகவே காற்று என்கிறது கால், காற்றில்லை என்கிறது கண்.

எவ்வளவு காற்று இருந்தால் இப்படி ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிறிய கார்களில் மாஸ்டர் சிலிண்டரின் துளை 19 மி.மீ. அளவில் இருக்கும், அதன் பரப்பு ஏறக்குறைய 2.8 சதுர செ.மீ. பலமாக மிதிக்கும்போது எழும் அழுத்தத்தில் காற்று அநேகமாக ஒன்றுமில்லாமல் சுருங்கிவிடும். எனவே ஒரு மி.லி. காற்று, அதாவது இருபது சொட்டு அளவு, பிஸ்டனை மூன்றரை மி.மீ. வீணாக நகர்த்தும். பெடலின் நெம்புகோல் விகிதம் நான்கு என்று வைத்தால், காலுக்கு 14 மி.மீ. இருபது சொட்டுக்கு ஒரு விரற்கடை நீளம் பெடல் போய்விடுகிறது. என் பெடல் ஏறக்குறைய மூன்று விரற்கடை போகிறது.

மாஸ்டர் சிலிண்டர் மாற்ற வேண்டும் என்று நண்பர்கள் இருவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். விலை கேட்டு வந்திருக்கிறேன்.

2024 ஜூன் 10

வாங்கவில்லை. இன்னொரு ஞாயிறு பார்க்கலாம்.

2024 ஜூன் 16

கிடைத்துவிட்டது. எழுதவே கூசுகிறது.

ரப்பர் ஹோஸை நசுக்கி அடைக்கும் கிளாம்ப் இரண்டை இரவல் வாங்கி, முன் சக்கரங்களின் ஹோஸ்களில் போட்டு மிதித்தேன். பெடல் கல்லாக நின்றது. அப்படியானால் மாஸ்டர் சிலிண்டரும் பின் சக்கரங்களும் குற்றமற்றவை. கோளாறு முன் காலிபர்களில். (வெடிப்பு விழுந்த பழைய ஹோஸில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம், உள்ளே கிழியும். என்னுடையவை சென்ற ஆண்டு மாற்றியவை.) ஒவ்வொரு கிளாம்ப்பாகக் கழற்றியபோது இரண்டு பக்கமும் பஞ்சு. இரண்டு காலிபரும் ஒரே மாதிரி கெட்டுப்போகுமா என்று நான் குழம்பிக்கொண்டிருக்கையில், அப்பா முன் சக்கரம் கழற்றிய பக்கமாக வந்து குனிந்து பார்த்தார்.

"இந்த நிப்பிள் ஏன் தரையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது? காற்று மேலேதானே போகும்?"

இடப்பக்கக் காலிபரை வலப்பக்கத்திலும் வலப்பக்கக் காலிபரை இடப்பக்கத்திலும் மாட்டியிருந்தேன். இரண்டும் கண்ணாடிப் பிம்பம்போல் இருப்பவை. பக்கம் மாறினாலும் போல்ட்டு பொருந்தும், ஹோஸ் பொருந்தும், பேட் பொருந்தும். மாறுவது ஒன்றே ஒன்று: மேலே இருக்க வேண்டிய நிப்பிள் அடியில் வந்துவிடும். நான் திறந்தபோதெல்லாம் காலிபரின் அடியிலிருந்து தெளிந்த ஆயில் ஒழுங்காக வந்தது. அதற்கு மேலே காற்று சொகுசாக உட்கார்ந்திருந்தது. குடத்தின் அடியில் துளையிட்டு, "தண்ணீர்தானே வருகிறது, குடத்தில் காற்றே இல்லை" என்று இரண்டு வாரம் வாதாடியிருக்கிறேன்.

எனவே ஜூன் 2 அன்று எழுதிய "குமிழி நின்று தெளிந்த ஆயில் வந்தால் அந்தச் சக்கரம் முடிந்தது" என்ற வரியைத் திரும்பப் பெறுகிறேன். குழாயில் குமிழி இல்லையென்றால், குழாயில் குமிழி இல்லை. அவ்வளவுதான் அதற்குப் பொருள். உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பெடலிடம்தான் கேட்க வேண்டும்.

இரண்டையும் கழற்றி இடம் மாற்றினேன். ஹோஸ் போல்ட்டின் இருபுறமும் வரும் செம்பு வாஷர்களைப் புதிதாகப் போட்டேன். நசுங்கிய பழையவை கசியும். ஒரு காலிபருக்குப் பதினைந்து மிதி ஆயிற்று. முதல் மூன்று மிதிகளில் சோடாவைத் திறந்ததுபோல் நுரைத்துக்கொண்டு வந்தது. என்ஜின் அணைந்த நிலையில் நான்கைந்து முறை மிதித்து, பூஸ்டரில் (வேக்குவத்தால் நம் மிதிக்கு வலுச் சேர்க்கும் பாகம்) மீந்த வேக்குவத்தைத் தீர்த்துவிட்டு, பெடலை அழுத்திப் பிடித்தபடியே என்ஜினைப் போட்டேன். பெடல் சிறிது இறங்கி அங்கேயே நின்றது. அப்படித்தான் இருக்க வேண்டும், பூஸ்டர் வேலை செய்வதற்கு அடையாளம். பிறகு நான்கு சக்கரங்களிலும் ஈரம் இருக்கிறதா என்று துணியால் ஒற்றிப் பார்த்துவிட்டுத் தெருவுக்கு எடுத்தேன்.

2024 ஜூன் 17

"ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரின் கட்டணம் என்ன" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு டம்ளர் காப்பி. அதோடு, இனி மூன்றாம் கியரில் மலை இறங்குவதில்லை, ஏறிய கியரிலேயே இறங்குவேன் என்ற வாக்குறுதி.

காலிபரைக் கழற்றுபவர்கள் கழற்றுமுன்பே பெயிண்டால் "இ", "வ" என்று எழுதிவிடுங்கள்.

2024 ஜூலை 14

தனியாளாகச் செய்ய வேக்குவம் பம்ப் வாங்கியவர், எவ்வளவு இழுத்தாலும் குமிழி நிற்கவில்லை என்கிறார். இது என் கதைக்கு நேர் எதிர். திறந்த நிப்பிளின் மரைகளைச் சுற்றி வெளிக்காற்றையே பம்ப் உறிஞ்சுகிறது; உள்ளே காற்று இல்லாமலே குமிழி வரும். மரையில் கெட்டியான கிரீஸைத் தடவி இழுத்துப் பார்க்கலாம். பொறுமை இருந்தால் பம்ப்பே வேண்டாம்: டப்பா மூடியைத் தளர்த்தி, நிப்பிளைத் திறந்து குழாயைப் புட்டியில் விட்டால் ஆயில் தன் எடையாலேயே சொட்டுச் சொட்டாக இறங்கும். மெதுவாக நடக்கும்; அந்த நேரமெல்லாம் டப்பாவில் கண் இருக்க வேண்டும்.

ஏபிஎஸ் உள்ள வண்டிகளில் ஆயிலை மட்டும் மாற்றுவது பெரும்பாலும் இதே முறைதான். ஆனால் டப்பா வற்றி, ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ளேயே காற்று புகுந்துவிட்டால், பல வண்டிகளில் ஸ்கேனர் கருவியைக் கொண்டு அதன் வால்வுகளை இயக்கித்தான் வெளியேற்ற முடியும். நம் நாட்டில் 2019 ஏப்ரலிலிருந்து புதிய கார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயமானதால், இது இனி பெரும்பாலோருக்குப் பொருந்தும்.

2024 ஆகஸ்ட் 11

கேள்வி கேட்டவர் சென்ற வாரம் முடித்துவிட்டாராம். ஆயில் கடுங்காப்பி நிறத்தில் வந்ததாகவும், மனைவி "ஒன்று, இரண்டு" ஏற்பாட்டில் ஒருமுறைகூடத் தவறவில்லை என்றும் எழுதியிருக்கிறார். அளவு குறையாத மர்மமும் தீர்ந்தது: சென்ற ஆண்டின் சர்வீஸ் பில்லில் புதிய பேட் போட்ட கணக்கும் இருக்கிறது, ஆயில் ஊற்றிய கணக்கும் இருக்கிறது.

வெளியே வந்த பழைய ஆயிலை என்ன செய்வது என்கிறார். சாக்கடையில் ஊற்றக் கூடாது, அது நஞ்சு. மூடியுள்ள புட்டியில் நிரப்பி, மேலே எழுதி ஒட்டி, கழிவு ஆயில் சேர்க்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். குடிநீர்ப் புட்டியில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

திறந்த புட்டியில் மீந்த புது ஆயிலை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்கிறார். வேண்டாம், அதுவும் இதற்குள் ஈரத்தைக் குடித்திருக்கும். என்னிடம் மீந்த கால் புட்டியை அப்பா எடுத்துக்கொண்டார். கையுறை மாட்டிக்கொண்டு தம் பழைய சைக்கிளின் பின் மட்கார்டில் தூரிகையால் தடவி ஓர் இரவு வைத்திருந்தார். காலையில் இடப்பக்கம் முழுவதும் பெயிண்ட் சுருண்டு உரிந்து தகரம் தெரிந்தது. வலப்பக்கத்துக்கு ஆயில் போதவில்லை.